சுவரிலிருந்து இறங்கிய உரப்பைகள்

காலை ஐந்தரைக்குக் கண்டியில் ஏறினேன். நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடி பஸ் திருகோணமலையில் என்னை இறக்கியபோது பதினொன்றரை. வழியில் தம்பலகாமத்தில் அறுவடை மிசின்கள் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தன, வானம் கறுத்திருந்தது. நான் வந்தது வயல் பார்க்க அல்ல, துறைமுகத்தருகே பழைய பண்டசாலையொன்றில் நடக்கும் கலைக் கண்காட்சிக்கு. ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா.

"படம் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார் சாரதி. பேரம் பேசித் தோற்ற எரிச்சலில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

உள்ளே படமே இல்லை. சுவர் முழுக்க யூரியாப் பைகள் கயிற்றில் தொங்கின. ஒவ்வொன்றிலும் பால்மா, நூடில்ஸ், பிஸ்கற் உறைகள் விரித்துத் தைக்கப்பட்டிருந்தன. செய்தவர் சர்மிளா, தம்பலகாமத்து விவசாய வீட்டுப் பெண்.

"நெல்லு விளையிற எங்கட வீட்டில சாப்பிட்டு எறியிற பைக்கற்றுகள்தான் அக்கா. நாளைக்குக் காலமை கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். பிடிச்சா வெளிநாட்டுக் கண்காட்சிக்கு எடுப்பினம்."

போன அறுவடை முடிந்ததிலிருந்து தைக்கிறாராம். குப்பையைச் சுவரில் ஏற்றினால் கலையாகிவிடுமா என்று முதலில் மனதுக்குள் முணுமுணுத்தேன். கிட்டப்போய்த் தையலைப் பார்த்ததும் அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

பிற்பகல் இரண்டு மணியளவில் சின்ன லொறியொன்றில் அவருடைய அண்ணன் சேற்றுக்காலோடு வந்து இறங்கினார்.

"பிள்ளை, மிசின் இண்டைக்குப் பின்னேரமே எங்கட வயலுக்கு வருதாம். மழை வரப்போகுதெண்டு எல்லாரும் பை வாங்கிட்டாங்கள். கடையில ஒண்டும் இல்லை."

"அடுத்த கிழமை எண்டுதானே சொன்னனீங்கள் அண்ணா?"

"இப்ப விட்டா மிசின்காரன் பிறகு வரமாட்டான்."

வெறுமையான உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து அறுவடையில் நெல் கட்டுவது அங்கே வழக்கம். அண்ணன் அப்படி எடுத்துவைத்த பைகளைத்தான் சர்மிளா, அறுவடைக்கு முன் தந்துவிடுவேன் என்று சொல்லி வாங்கி வந்திருந்தார்.

அண்ணன் ஒரு பையைத் தடவினார். "ஊசி ஓட்டையால நெல்லு சிந்தாதோ?"

"சிந்தாது. திருப்பித் தரோணுமெண்டு சின்ன ஊசியாலதான் தைச்சனான்."

சொல்லிக்கொண்டே சர்மிளா கதிரையில் ஏறி முதல் பையை அவிழ்த்தார். மறுமுனையில் நானும் அவிழ்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் மதியம் கண்டி பஸ்ஸில் திரும்பினேன். தம்பலகாமத்தில் வீதியோரம் அந்தப் பைகள் நெல் நிரம்பி நின்றன. சுவரில் தொங்கியதைவிட அழகாக இருந்தன. ஒவ்வொன்றாக வியாபாரியின் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெல் பையோடுதான் விலையாகும். பை திரும்பி வராது. பதறிப்போய்ச் சர்மிளாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, லொறியடியிலதான் நிக்கிறன். ஈர நெல்லு, வச்சிருக்க ஏலாது."

"கொழும்பு ஆட்கள் வரவில்லையா?"

"வந்தவை. வெறுங்கயிற்றைப் பார்த்திட்டு, திரும்பச் செய்ய ஏலுமோ எண்டு கேட்டவை. அடுத்த போகத்துக்கு உரம் வாங்கினாத்தானே பை வரும் எண்டு சொன்னனான்."

சற்று நேரத்தில் அந்த லொறி பஸ்ஸை முந்தி, கந்தளாய் வரை எங்களுக்கு முன்னால் போனது. பால்மா உறைகள் வெயிலில் மினுங்கின. பிறகு அது அரிசி ஆலைப் பக்கம் திரும்பிவிட்டது.

கண்டியில் இறங்கி வீட்டுக்கு அரிசி வாங்கினேன். ஐந்து கிலோ பைக்கற், முகப்பில் பச்சை வயல் படம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் ஒன்றும் இல்லை.