தண்ணீர் கேனும் தரைத்தளத் தூண்களும்

“உங்க வூட்ல கல்லு செவுரே கெடையாது. நீ மாடி வூட்டுக்குக் கணக்குப் போடப் போறியா?” சிவில் படிப்பில் நான் சேர்ந்த அன்று, அடையாற்றங்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்படித்தான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணக்குப் போடத்தான் போனேன்.

போன வருடம், தி. நகரில் நான் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் நடந்தது இது. அடையாறில் ஐந்து மாடி வீடு. கீழே முழுக்க கார் நிறுத்தும் இடம். சுவர் கிடையாது, ஒல்லியான தூண்கள் மட்டும். அஸ்திவாரக் கான்கிரீட் போட ஒரு வாரம்கூட இல்லை. நிலநடுக்கத்துக்கான கணக்கைக் கடைசியாகப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பூமி ஆடும்போது கட்டடம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்ததும் மேலே இருக்கும் எடையும் நகர்ந்து, அதே பக்கம் இன்னும் சாய்க்கும். பி-டெல்டா என்பார்கள். சின்னக் கட்டடம்தானே என்று அதைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். சேர்த்துப் பார்த்தேன். கீழ்த்தளம், விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டி அசைந்தது. தூண்களைப் பெரிதாக்க வேண்டும். ஒரு கார் நிற்கும் இடம் போய்விடும்.

என் சீனியர் இன்ஜினியர் ஒத்துக்கொண்டார். ஆனால் உரிமையாளரிடம் சொல்லும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார்.

உரிமையாளர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அந்த இடத்தைத் தன் அண்ணன் காருக்கென்று சொல்லி வைத்திருந்தார். அலுவலகத்துக்கு வந்தவரிடம் கணினித் திரையில் நான் காட்டிய எதுவும் எடுபடவில்லை. “எடை கீழதானம்மா எறங்கும்? பக்கவாட்டுல எப்படித் தள்ளும்?”

அலுவலகத் தண்ணீர் கேனில் பாதி இருந்தது. தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு லேசாகச் சாய்ந்து காட்டினேன். நடிக்கிறேன் என்று சிரித்தவர், தானே அதை வாங்கிப் பிடித்தார். நேராக நின்ற வரைக்கும் கேன் அசையவில்லை. இடுப்பைக் கொஞ்சம் வளைத்ததும் கேன் இழுக்க, ஒரு கால் தானாக முன்னால் போனது.

“உங்களால கால எடுத்து வைக்க முடியுது சார். தூணால முடியாது.”

கேனை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, எத்தனை இஞ்ச் கூட்ட வேண்டும் என்று கேட்டார். பிறகு சொன்னார்: “எங்க அண்ணன் வந்து சத்தம் போட்டா, இந்தக் கேன அவர் தலையில நீங்கதான் தூக்கி வைக்கணும்.”

இப்போது தூண்கள் எழுந்து, மேலே இரண்டு தளமும் ஏறிவிட்டது. அந்தத் தெரு வழியாகப் போனால் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்ததை எவர் முன்னாலும் நின்று புரியவைக்க முடியும் என்ற தைரியம் அன்று வந்தது. அந்தத் தைரியத்தில்தான், கீழே கார் நிறுத்தம் வைத்து எங்கள் அலுவலகம் முன்பு வடிவமைத்த வீடுகளையும் மறுபடி சரிபார்க்க அனுமதி கேட்டேன். முதல் வீடு தேறிவிட்டது, இரண்டாவதன் கணக்கை நேற்று தொடங்கிவிட்டேன்.