கூப்பிடப் பெயரில்லாத ஆள்

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற சாலையில், ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்குச் சிக்னல் வேலை. பெட்டிகளைத் தூக்கிப்போகும் ஸ்டாக்கர் வண்டிக்குக் கைகாட்டுவது, குறுக்கே வருகிறவனை விரட்டுவது. வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு வண்டி கத்தினால் எவன் காதில் ஏறும்? காற்றில் வருகிற ஆலை நாற்றமும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் வந்து மூக்கைப் பொத்தும்போதுதான் நாறுகிறது என்றே எங்களுக்குத் தெரியும்.

பாதுகாப்பு அதிகாரியாக ஒரு அம்மா வந்தார். சின்ன வயசு, ஆனால் விவரமானவர். எங்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். நாமாக வேண்டுமென்று கவனிப்பது ஒன்று, நம்மைக் கேட்காமலே கவனம் தானாகப் போய் விழுவது இன்னொன்று. திடீரென்று வருவது, பளிச்சென்று இருப்பது, அசைவது, புதுசாக இருப்பது, இதெல்லாம் கழுத்தைப் பிடித்துத் திருப்பும். ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதை ஒதுக்கிவிடும் என்றார். தெரிந்த கதைதானே என்று எனக்கு எரிச்சல். அவர் சொல்லி, பீப்பை மாற்றி வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வைத்தார்கள். மூன்று நாள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நாலாம் நாள் வாத்தும் செத்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டும் அதே கதைதான். எல்லோரும் ஆரஞ்சில் இருந்தால் எவன் தனியாகத் தெரிவான்? வெள்ளைச் சட்டையோடு உள்ளே வருகிற கிளார்க்தான் கண்ணில் படுவார்.

கடைசியாக அந்த அம்மா சொன்னது மட்டும் எனக்குப் பிடித்தது. எவ்வளவு கூச்சலிலும் ஒருவன் மனசுக்கு நெருக்கமான விஷயம் அவன் காதில் விழுந்துவிடுமாம். அது எங்கள் யார்டில் முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆபத்தென்றால் நாங்கள் “தள்ளு” என்று கத்தமாட்டோம். வேறு எவனுக்கோ சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அவனவன் பெயரும் பிரயோஜனமில்லை, மேஸ்திரி நாள் முழுக்க ஏலம் விட்டுத் தேய்ந்துபோன பெயர். அதனால் அவன் பிள்ளையின் பெயரைக் கத்துவோம். டக்கென்று திரும்புவான். புதிதாகச் சேர்கிறவனிடம் முதல் நாளே பிள்ளை பெயரைக் கேட்டு வாங்கிவிடுவோம். கல்யாணமாகாதவன் என்றால், அவன் மனசில் இருக்கிற பெண்ணின் பெயரைக் கறக்காமல் விடமாட்டோம்.

அங்கே எனக்கொரு தோஸ்து, வியாசர்பாடிக்காரன். பெட்டிக் கதவில் மாட்டியிருக்கும் சீல் நம்பரைப் பார்த்து எழுதுவது அவன் வேலை. அவனுக்கு ஒரே பெண், எட்டு வயது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், ஐந்தாம் நாள் போய்விட்டாள். காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பினான். அந்தப் பெயர் இனிமேல் யார்டில் கேட்கக்கூடாது என்று எங்களுக்குள் முடிவெடுத்தோம். அதே பெயரில் இன்னொருவனுக்கும் மகள் இருந்தாள். தன்னை இனி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி அவன் சொல்லிவிட்டான். இங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை.

எல்லாவற்றையும் யோசித்த மடையர்கள், அவனுக்கு வேறு எந்தப் பெயரைக் கூப்பிடுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவனிடம் போய்க் கேட்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அவனுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று முறை கூப்பிட்டால்தான் நிமிர்வான். இவன் ஒருநாள் வண்டியில் மாட்டப்போகிறான் என்று எனக்கு உள்ளூர பயம். பயந்துகொண்டே இரண்டு மாதத்தை ஓட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அவன் ஒரு பெட்டியின் கதவருகே குனிந்து, தூசியைத் துடைத்து நம்பர் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாக்கர் நாற்பதடிப் பெட்டியைத் தூக்கியபடி ரிவர்ஸில் வந்தது, நேராக அவன் முதுகை நோக்கி. நான் பக்கவாட்டில், ஓடினாலும் எட்டாத தூரத்தில் இருந்தேன். ஓட்டுகிறவனை நிறுத்தச்சொல்ல வாக்கி-டாக்கியை அழுத்தினால், கேட்டில் இருக்கிறவன் டிரெய்லர் நம்பர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தான், லைன் கிடைக்கவில்லை. விசிலடித்தேன். அவன் பெயரைக் கத்தினேன். “மாமு, மாமு” என்று கத்தினேன். சுற்றியிருந்த நாலு பேர் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. வண்டிக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம்தான் பாக்கி.

அந்தக் குழந்தையின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

திரும்பினான். அந்த முகத்தை மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகமே இல்லை அது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நிற்கிற அப்பன் முகம். அவன் கண் வண்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்தில் எதையோ தேடியது. தேடிக்கொண்டே என் பக்கமாக வேகமாக நடந்து வந்தான். அவன் நின்றிருந்த இடத்தில் வண்டியின் பின்பக்கம் வந்து பெட்டிக் கதவில் மோதி நின்றது.

அதற்குள் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. வந்ததை நான் பார்த்தேன்.

அறைவான் என்று நினைத்தேன். அறையட்டும் என்றுதான் நின்றேன். கிட்டே வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஓட்டுகிறவன் கீழே குதித்து ஓடிவந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன், வேறு வழி தெரியவில்லை என்றேன். இருவரையும் அவன் கண்டுகொள்ளவில்லை.

“வூட்ல யாரும் அந்தப் பேர சொல்றதில்ல” என்றான். “அவ அம்மாவும் சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல. சொல்லவே பயமா கீது.”

பிடித்த ஜாக்கெட்டை விடாமல், “இன்னொரு தபா கூப்டுடா” என்றான்.

நாள் முழுக்கக் கத்திப் பிழைக்கிறவன் நான், எனக்குக் குரல் எழும்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ கூப்பிட்டேன். சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை அவன் எங்கும் தேடவில்லை. தலை குனிந்து நின்று கேட்டான்.