வாஷர் போட்டுக் காய்ச்சிய பால்

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அது அடியே என்பது போலத்தான், ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் பால்கோவா பட்டறை போட்ட பிறகு, மதுரையிலிருந்து வரும் வியாபாரிகள் முன்னாலும் "ஏட்டி, அந்த ஸ்பேனர எடு" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர்கள் தலை மறைந்ததும் பிடித்துக்கொள்வேன். "நாலு பேரு முன்னாடியாவது மரியாதையா கூப்பிடுங்க." "சரிங்க மேடம்" என்பார். திரும்பினால் மறுபடியும் ஏட்டிதான்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்து எங்கள் பட்டறைக்கு அவரே மிஷின் செய்தார். ஆவியில் சூடாகும் பெரிய சட்டி. அதன் அடியிலிருந்து ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு ஒன்று மேலே ஏறி, பால் அடிபிடிக்காமல் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் சட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். மேலே உள்ள பால் கீழே ஒழுகக் கூடாது, கீழே கியர்பாக்ஸில் உள்ள ஆயில் மேலே ஏறக் கூடாது. இரண்டையும் தடுப்பது அதுதான். கடைக்காரர்கள் சீல் என்பார்கள். எங்கள் வீட்டில் அது வாஷர். குழாய்க்குப் போடுவதும் வாஷர், குக்கருக்குப் போடுவதும் வாஷர், இதுவும் வாஷர்.

அதை மட்டும் அவர் என்னை வாங்க விட்டதில்லை. ராஜபாளையத்துக்கு அவரே போய் ஒரே கடையில் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளரில் நெய்யை உருக்கி ஊற்றி, அதில் ஊறப்போடுவார். மறுநாள் எடுத்துத் துடைத்து, ஒரு பழைய ஷாஃப்ட் துண்டில் மாட்டிப் பார்ப்பார். பிறகு கொஞ்சம் பாலில் அதைப் போட்டுக் கொதிக்க விட்டு, ஆற்றி, அந்தப் பாலைத் தானே குடிப்பார். "வாடை இல்ல" என்று அவர் வாயால் வந்தால்தான் வாஷர் மிஷினுக்குள் போகும். மாட்டும்போதும் கிரீஸைத் தொட மாட்டார், நெய்தான் தடவுவார்.

"சாமிக்கு அபிஷேகம் பண்ணுத மாதிரில்ல பண்ணுதீக. குடிச்சு ஒங்களுக்கு ஏதும் ஆயிருச்சுன்னா?" என்று கேலி செய்வேன்.

"எனக்கு ஆனா என்னோட போச்சு ஏட்டி. வாங்கித் திங்கவனுக்கு ஆனா?" என்பார்.

ஒரு தீபாவளி நெருக்கத்தில் சட்டியிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். ரப்பர் நாற்றம் குமட்டியது. மிஷினை நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கருப்பு வாஷர். கொல்லையில் இருக்கும் தண்ணீர் மோட்டாருக்காக வாங்கி வைத்தது. பால் பக்கம் அது வந்துவிடக் கூடாது என்று தனி டப்பாவில் போட்டு, பரண் மேல் வைத்திருந்தவரே அவர்தான். பட்டறையே அதிரக் கத்தினேன். அவர் அந்த வாஷரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு மாட்டுனது?"

"நீங்கதான் மாட்டுனீக! காலையில நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

சமாளிக்கிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். சட்டியில் இருந்த பால்கோவா முழுவதையும் கொட்டிப் புதைக்கக் கொல்லையில் குழி தோண்டச் சொன்னேன். அவரும் தோண்டினார். பாதியில் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "ஏட்டி, இந்தக் குழி எதுக்கு?" என்று கேட்டார். அவர் விளையாடவில்லை. என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அப்புறம் பயம்தான்.

மதுரை டாக்டர் மறதி நோய் என்றார், கூடிக்கொண்டுதான் போகும், ஆவியும் மோட்டாரும் இருக்கிற இடத்தில் விடாதீர்கள் என்றார். அவர் செய்த மிஷினிடம் அவரையே விடாமல் பட்டறைக்குப் பூட்டுப் போட்டேன். அவர் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவு முன்னால் நிற்பார். இழுக்க மாட்டார், கேட்க மாட்டார், சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ நாள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏட்டியும் நின்றது. முதலில் பெயரில்லாமல் பேசினார். அப்புறம் "இந்தாங்க" என்றார். ஒரு நாள் காபி கொடுத்தபோது "ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார். நான் இத்தனை வருஷம் சண்டை போட்டுக் கேட்ட மரியாதை கிடைத்துவிட்டது. அந்த மரியாதையில் நெருப்பை அள்ளிப் போட வேண்டும்.

பட்டறையை நான் நடத்தினேன். வாஷர் தேய்ந்ததும் ஊரிலேயே ஒரு கடையில் வெள்ளையாக ஒன்று வாங்கினேன். சாப்பாட்டு மிஷினுக்கு ஆனது என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. ஊறப்போடாமல், அவரைப் போலவே நெய் மட்டும் தடவி மாட்டினேன். சில நாளில் சட்டிக்கு அடியில் பால் சொட்டியது. கழற்றினால் வாஷர் ஊதிப்போய், ஓரம் பிய்ந்து வந்தது. கருப்பு என்றால் கண்ணில் படும். வெள்ளைத் துணுக்கு பால்கோவாவில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அன்று கிண்டியதையும் கொட்டினேன்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். தனியாக விட முடியாது என்பது வெளியே சொன்ன காரணம். அந்தக் கடையைப் பார்த்தால் அவருக்குப் பழசெல்லாம் திரும்பும், என்னையும் தெரியும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. உண்மையில் நான் அதற்குத்தான் போனேன்.

"வாங்க அண்ணாச்சி, எம்புட்டு நாளாச்சு!" என்று எழுந்து வந்தார் கடைக்காரர். இவர் முன்பின் தெரியாதவரைக் கும்பிடுவது போலக் கும்பிட்டார். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்தார். ஊதிப்போன வாஷரை மேஜையில் வைத்தேன்.

"அக்கா, இதுவும் சாப்பாட்டுக்கு ஆன ரப்பர்தான், பொய் இல்ல. ஆனா தண்ணிக்கும் ஆவிக்கும் ஆனது. எண்ணெய், நெய், பால்ல உள்ள கொழுப்பு இதெல்லாம் பட்டா ஊதிரும். எதுமேல படப்போகுதுன்னு பாத்துத்தான் எடுக்கணும். அண்ணாச்சி நெய்யில ஊறப்போட்டுப் பாக்குறதே அதுக்குத்தான, ஒங்ககிட்ட சொன்னதில்லையா?"

பதமாக்குவதற்கு ஊறப்போடுகிறார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எவ்வளவோ காலம் இருந்தது.

கடைக்காரர் சூட்டுக்கும் கொழுப்புக்கும் தாங்கும் வேறு ரகத்தை, உணவுக்கு ஆனது என்ற சான்றிதழோடு எடுத்து வைத்தார். நான் தொடுவதற்கு முன் இவர் கை நீட்டி அதை எடுத்தார். உதடு போல நீட்டிக்கொண்டிருந்த உள் ஓரத்தில் விரலை ஒரு சுற்று விட்டார். மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"உதடு பாலப் பாத்து இருக்கணும். திருப்பிப் போட்டா ஒழுகும்" என்றார்.

"பாத்தீகளா, அவியளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன். கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும் பஸ்ஸில் இவர் பாக்கெட்டை மடியில் வைத்துப் பத்திரமாகப் பிடித்திருந்தார். இதோ ஏட்டி என்று கூப்பிட்டுவிடுவார், இதோ கூப்பிட்டுவிடுவார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து வாஷரை நெய்யில் போட்டேன். மறுநாள் காலை எடுத்து ஷாஃப்ட் துண்டில் மாட்டினேன். ஊதவே இல்லை, கச்சிதமாக உட்கார்ந்தது. பாலில் கொதிக்க விட்டு, ஆற்றி, அவர் கையில் டம்ளரைக் கொடுத்தேன். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு.

"வாடை இல்ல" என்றார்.

அதே குரல், அதே இரண்டு வார்த்தை. இடுப்பிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்தேன். "வாங்க, நீங்களே மாட்டிருங்க. நான் பக்கத்துல நிக்கேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. பட்டறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"செத்த பொறுங்க. எங்க வீட்டுக்காரி வந்துரட்டும். அவளுக்குத் தெரியாம மாட்டுனா சத்தம் போடுவா. பெரிய கோவக்காரி." சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. "எங்க போனான்னு தெரியல. எப்ப வருவா? ஒங்களுக்குத் தெரியுமா?"

சாவி என் கையிலேயே இருந்தது.

"செத்த நேரத்துல வந்துருவாக" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மீதிப் பாலைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தேன்.