தோல் போர்த்திய மாண்டலின்

எல்லாம் என் மனைவி டிராமில் கேட்ட ஒரு கேள்வியால் வந்த வினை. அவள் கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்து அதிக நாளாகவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் காளிகாட்டில் நம்மவர் ஒருவர் வீட்டில் பஜனை நடக்கும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே. அன்றுதான் அவளை முதன்முதலாக அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வாத்தியத்தை இவ்வளவு தூரம் தூக்கிண்டு வந்தேளே, ஏன் வாசிக்கவே இல்லை?"

விரல் நுனி கன்றிச் சிவக்கும்படி வாசித்துவிட்டு வந்திருந்தவன் நான். ஒரு நாமாவளி விடவில்லை. என்னத்தைச் சொல்ல? "கொஞ்சம் வாசிச்சேன்" என்றேன். அவள் "ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவை நினைத்து இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் மேல் தப்பில்லை. ஹார்மோனியக்காரர் ஒருவர், ஜால்ராவை உயிர்போகத் தட்டும் பாங்கு ஆபீசர்கள் நாலைந்து பேர், மிருதங்கம், இத்தனைக்கும் மேல் எல்லோருடைய தொண்டையும். இவற்றுக்கு நடுவில் என் மாண்டலின் கொசு மாதிரிதான் கேட்டிருக்கும். ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது அது. இத்தாலியில் செய்தது, எனக்கு மூத்தது. பின்பக்கம் பூசணிக்காயைப் பாதியாக வெட்டினாற்போல இருக்கும். சின்ன வயதில் கொஞ்சம் வயலின் கற்றிருந்தேன். தந்திகளுக்குச் சுருதி வைப்பது இரண்டிலும் ஒரே மாதிரி என்பதால் கை சீக்கிரம் பழகிவிட்டது. ஆனால் வயதாகி மேல்பலகை தொய்ந்துபோய், தந்தியைத் தாங்கும் குதிரை உள்ளே இறங்கிவிட்டிருந்தது. சத்தம் மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல வரும். இத்தனை நாள் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இப்போது பட்டேன். இவள் காதில் விழாவிட்டால் ஊரே கேட்டு எனக்கு என்ன ஆகவேண்டும்?

ஆபீசில் ஒரு வங்காளிக் குமாஸ்தா, ஹவுராவில் வாத்தியம் ரிப்பேர் செய்கிற ஒரு மிஸ்திரியைப் பற்றிச் சொன்னார். முன்பு ரயில்வே பட்டறையில் வண்டிகளுக்கு மரவேலை செய்தவராம், இப்போது சொந்தக்கடை. கிளைவ் தெருவில் ஆபீஸ் விட்டதும் நேரே பாலத்தைக் கடந்து போனேன். ஒரு சந்துக் கோடியில் கடை. உள்ளே பசை காய்ச்சுகிற அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. மனிதர் மாண்டலினை வாங்கித் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு, "பாபு, இதில் என்ன வாசிக்கிறீர்கள்? பாடிக் காட்டுங்கள்" என்றார். பாட்டைக் கேட்காமல் அவர் எந்த வாத்தியத்திலும் கைவைக்க மாட்டாராம். அதுதான் அவருடைய முறையாம்.

எனக்கு அந்த முறை பிடித்துப்போயிற்று. கூச்சத்தை விட்டு, பஜனையில் பாடுகிற நாமாவளி ஒன்றை, பஜனையில் எப்படிப் பாடுவோமோ அப்படியே, தொண்டையைத் திறந்து பாடினேன். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மிஸ்திரியின் முகம் மலர்ந்தது. "புரிந்தது பாபு, புரிந்தது! சத்தம்தானே வேண்டும்? ஹொபே, ஹொபே" என்றார். ஆகும், ஆகும் என்று அர்த்தம். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் யாராவது ஹொபே என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொங்கல் கழிந்து கொடுத்தது. பங்குனி போயிற்று. ஒரு தடவை போனால் மிஸ்திரி கல்யாணத்துக்குப் போயிருப்பார். ஒரு தடவை போனால் பசை காயவில்லை. இன்னொரு தடவை பாலமே இல்லை. அந்த நாளில் ஹவுரா பாலம் மிதவைகளின் மேல் நின்றது. கப்பல் போகவேண்டுமானால் நடுவில் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள். அன்று நான் இக்கரையில் வெயிலில் நின்றுகொண்டு, அசைந்து அசைந்து போகும் கப்பலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மாண்டலின் கையில் இல்லாததால் பஜனைக்கும் போகவில்லை. வெறுங்கையோடு போய் ஜால்ரா தட்ட எனக்கு மனசில்லை. சாயங்காலங்களில் சிடுசிடுவென்று வீட்டுக்கு வருவேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி வைப்பாள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் மிஸ்திரி வாத்தியத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மேல்பலகையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று ஆட்டுத் தோல், சரோது வாத்தியத்துக்குப் போடுவதுபோல, சுற்றிலும் இழுத்து ஒட்டியிருந்தது.

"பலகை எங்கே?"

"அது எதற்கு பாபு? நல்ல பழைய மரம். ஒரு ஹார்மோனியத்துக்குள் வைத்துவிட்டேன்."

என் பாட்டைக் கேட்டதும், தெருவில் ஊர்வலமாகப் பாடிக்கொண்டு போகிற கீர்த்தனக் கோஷ்டிக்காரன் நான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவருடைய ஊரில் சாமி பெயரை அவ்வளவு சத்தமாகப் பாடினால் அது வீதிக்குத்தான். வீட்டுக்குள், ஒரு கூடத்தில், நாங்கள் இப்படிக் கத்துவோம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தோல் போட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார். நான் கத்தினேன். என் மொழி, அவர் மொழி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் கத்தினேன். அவர் அமைதியாக, "வாசித்துப் பாருங்கள் பாபு" என்றார்.

வாசித்தேன். அதுதான் எரிச்சல். கணீரென்று இருந்தது. பசை அடுப்பின் சூட்டில், அந்தச் சின்னக் கடையில், ஒவ்வொரு தந்தியும் சுண்டி இழுத்தது. பழைய இத்தாலிய மென்மை போய்விட்டது. ஆனால் சத்தம், நான் கேட்ட சத்தம், இருந்தது. வாயை மூடிக்கொண்டு கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"என்னது அது, தோலா?"

என் மனைவியின் மடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கார்ப்பொரேஷன் தண்ணீர் அவள் சமையலுக்கு ஆகாது. ஒருவன் தினமும் காலையில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். குளித்து மடி உடுத்தாமல் யாரும் அவள் சமையலறைப் படியைத் தாண்டக்கூடாது. ஆபீஸ் கோட்டோடு இருக்கும் நான் முதலில் ஆகாது. வேறு எதிலும் வாய் திறக்காத பெண், இதில் மட்டும் மலை.

"மிருதங்கத்தில தோல் இல்லையா?" என்றேன்.

"மிருதங்கம் என் அடுப்படிக்கு வரலையே."

மாண்டலினுக்கு நடையில், குடையும் செருப்பும் இருக்கிற இடத்துக்கு மேலே, ஒரு ஆணி கிடைத்தது. என் இத்தாலியச் சீமாட்டிக்கு வந்த கதியைப் பாருங்கள்.

முதல் சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு பஜனைக்குப் போனேன். உள்ளே பெண்கள் பக்கம் கதவோரமாக உட்காரச் சொன்னேன். வெளியே மழை அடித்து ஊற்றிற்று. கல்கத்தா மழை தெரியுமல்லவா, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தோல் மட்டும் என்ன செய்யும்? முதல் நாமாவளிக்குத் தந்தியை மீட்டினேன். தொப் தொப்பென்றது. ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற சத்தம். ஹார்மோனியக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன ஓய், உள்ள யாரையாவது படுக்க வெச்சிருக்கீரா?" என்றார். கூடமே சிரித்தது. திரும்பும்போது டிராமில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

மறுபடி ஹவுரா. மிஸ்திரி தோலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தோல்தானே பாபு, நெருப்பைக் காட்டுங்கள்" என்றார், பாலைக் காய்ச்சச் சொல்வதுபோல. நெருப்பு! எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அடுப்பு. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

எதிர்வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்போம், அண்ணி என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் சாயங்காலம் வாளி அடுப்பில் கரியைப் போட்டு, புகை அடங்கும்வரை சந்தில் வைத்திருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, மாண்டலினைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பௌதி வாசலில் நின்று, "என்ன தாகுர்போ, வாத்து வாட்டுகிறீர்களா?" என்று கேட்டார். கொழுந்தனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் என்றால் கேலியும் சேர்த்தி. சந்தே கூடிவிட்டது. கண்ணில் புகை, கோட்டில் கரி. தோல் மட்டும் நன்றாக இறுகிக்கொண்டது, தந்தியைத் தட்டினால் கணீரென்றது. துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு டிராமுக்கு ஓடினேன். காளிகாட்டில் இறங்குவதற்குள் அது மறுபடி நமுத்துப்போயிற்று. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் பாதி பஜனையில் எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியில் ஆதிகங்கைப் படித்துறையில் நின்று இதைத் தண்ணீரில் விட்டெறிந்துவிடலாமா என்று யோசித்தேன். எறிந்திருப்பேன். அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே இதை நான் தொடமாட்டேன்" என்றேன். அவள் எண்ணெய்த் திரியைத் தூண்டிக்கொண்டே, "அந்தக் கரி அடுப்புகிட்ட உக்காந்து தட்டிப் பாத்தேளே, அப்ப நன்னா இருந்துதே. மாடியிலேர்ந்து கேட்டேன்" என்றாள். "அடுப்பைத் தூக்கிண்டு பஜனைக்குப் போக முடியுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். அந்த வாரம் மழையில் நனைந்துகொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். நடையில் குடையை வைக்கும்போது பார்த்தால் ஆணியில் மாண்டலின் இல்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நான் எறிய நினைத்ததை இவள் எறிந்துவிட்டாள் என்றே நினைத்தேன். நான் எறியலாம், அது வேறு. "எங்கே அது?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

"கத்தாதேங்கோ. இங்கதான் இருக்கு."

குரல் சமையலறையிலிருந்து வந்தது. மடிப்புடவையில், அடுப்பின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். மாண்டலின் அவள் கையில் இருந்தது. அப்பளம் சுடுகிற பதத்தில், தணலுக்கு எட்டவும் கிட்டவும் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டுத் தோலுக்கு அந்தப் பக்கம் கங்கைத் தண்ணீர்ப் பானை, இந்தப் பக்கம் சாதம். நான் படிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன். ஆபீஸ் கோட்டு. எனக்கு உள்ளே போக உரிமை இல்லை.

"இது போறுமா பாருங்கோ" என்று படிக்கு மேல் நீட்டினாள். "அங்கயே உக்காந்து வாசிங்கோ. ஆறினா குடுங்கோ, காட்டித் தரேன்."

அன்று பஜனைக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்து வாசித்தேன். முதலில் சுருதியே சேரவில்லை. தோல் தளரத் தளர அவள் வாங்கிக் காட்டிக் கொடுத்தாள். ஒரு வரியில் நான் தடுமாறியபோது, "அது அப்படி இல்லை" என்று சொல்லி அடிக்குரலில் பாடிக் காட்டினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் நிறுத்தும்வரை அவள் சமையலைக் கவனிக்கவில்லை.

நிறுத்தியதும் எழுந்தாள். சாதத்தைக் கொண்டுபோய்த் தெருவில் நின்ற பசுவுக்குக் கொட்டினாள். பானையைக் கவிழ்த்தாள், அன்றைய கங்கைத் தண்ணீரெல்லாம் முற்றத்தில் ஓடிற்று. அடுப்பைச் சாணியால் மெழுகினாள், தரையைக் கழுவினாள். "விடேன், ஒரு நாளைக்கு என்ன?" என்று கெஞ்சிப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு, மறுபடி தலைமுழுகப் பின்கட்டுக்குப் போனாள்.

மழை விட்டபாடில்லை. அங்கே குடம் குடமாக அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மடியில் தோல் மெல்ல மெல்ல நமுத்துக்கொண்டிருக்க, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.