கல்லட்டி மலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

வியாழன், காலை 5.40. லீட்ஸ் நகரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு டாக்சி வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம். அந்த ஊரில் இதற்குப் பெயர் கோடைக்காலம். யாழினியின் பள்ளி விளையாட்டு விழா இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் முறை குடைகளுக்கு நடுவே நடந்தது. ஏழு வயது யாழினி நனைந்த சாக்குக்குள் குதித்துக் குதித்து மூன்றாவதாக வந்தாள். ஜூலையில் ஆதவனுக்கு முதல் பிறந்தநாள். தோட்டத்தில் என் கணவர் பிரபு போட்ட கூடாரத்தைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேலியில் மாட்டிவிட்டது. விருந்துக்கு வந்தவர்களோடு பதினான்கு பேரும் எங்கள் சமையலறையில் தோளோடு தோள் இடித்து நின்று கேக் சாப்பிட்டோம்.

ஆதவன் மட்டும் இன்னும் நடக்கவில்லை. நாற்காலியைப் பிடித்து நிற்பான்; கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். நான் மருத்துவமனையில் நர்ஸ். பிள்ளைகள் அவரவர் நேரத்தில்தான் நடப்பார்கள் என்று மற்ற அம்மாக்களுக்குச் சொல்வதே என் வேலை. சொந்தப் பிள்ளை என்றதும் அது எனக்கே எடுபடவில்லை.

"நாம வெயில் ஊருக்குத்தானே போறோம்?" என்று டாக்சியில் கேட்டாள் யாழினி.

"இல்ல. அங்கயும் மழைதான்."

"அப்புறம் எதுக்குப் போறோம்?"

"பெரியம்மாவுக்குக் கல்யாணம்."

அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. என் அக்கா மகேஸ்வரிக்கு வயது நாற்பத்து நான்கு. நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் தரம் பிரிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபத்து மூன்று, எனக்குப் பதினைந்து. ஒரு வருடம் கழித்து நல்ல இடம் வந்தது. தங்கச்சி நர்சிங் முடிக்கட்டும் என்றாள் அக்கா. அவர்கள் காத்திருக்கவில்லை. அதன் பிறகு வந்த எதற்கும் அவள் பிடிகொடுக்கவில்லை.

மாப்பிள்ளை ரங்கராஜ், வயது நாற்பத்தெட்டு, மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஃபேக்டரிப் பெண்கள் காடு பார்க்கப் போனபோது அவர் ஜீப் சேற்றில் சிக்கியது. மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து கூச்சல் போட, அக்கா இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் கல் பொறுக்கிப் போட்டாளாம். போட்டோ அனுப்புகிறேன் என்று அவர் நம்பர் வாங்கியிருக்கிறார். ஒரு போட்டோ அனுப்ப இரண்டு வருடம் பேசினார்கள்.

வெள்ளி, பிற்பகல் 2.10. மான்செஸ்டரிலிருந்து அபுதாபி வழியாகக் கோவை. விமான நிலைய வாசலில் டிரைவர் பழனிச்சாமி அண்ணன் ஏழு பேர் உட்காரும் வண்டியோடு நின்றிருந்தார். கட்டபெட்டு வரை சுமார் எண்பது கிலோமீட்டர். வாடகை மூவாயிரத்து நானூறு ரூபாய். மேட்டுப்பாளையம் தாண்டிக் குஞ்சப்பனை செக்போஸ்டில் இ-பாஸைப் பார்த்தார்கள். யாழினியின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் அழப்போனாள். "மலைக்கு அது ஆவாதுங்க பாப்பா. மேல போனா தண்ணி சும்மாவே கொட்டுது" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

கோத்தகிரியில் டீ, பதினைந்து ரூபாய். அதில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை நனைத்துத் தின்னச் சொல்லிக் கொடுத்தேன். யாழினி ஆறு வர்க்கி தின்றாள்.

கட்டபெட்டில் தூறல்தான். ஆடி, ஆவணி மழையை ஊட்டியும் கூடலூரும் வாங்கிக்கொள்ளும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்களுக்கு மிச்சம்தான் வரும். அக்கா வாசலில் நின்றாள். தலையில் புதிதாகச் சாயம் பூசியிருந்தாள். நெற்றியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"சிரிக்காத புள்ள" என்றாள், நான் வாயைத் திறக்குமுன்.

ஞாயிறு, காலை 6.05. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. கல்யாணம் வீட்டுக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயிலில். அக்காவுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளைதான்.

"மகேசு, பதட்டப்படாத. கல்லட்டில பெரிய மரம் உழுந்துருச்சு. வெடியக்காலம் ஃபாரஸ்ட் கேட் தொறந்ததும் மொத வண்டியா ஏறுனோம், மலை உச்சிக்குக் கிட்ட வந்து நிக்கறோம். வெட்டி எடுக்க மத்தியானம் ஆயிருமாம்."

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறக் கல்லட்டிப் பாதைதான் கிட்டம்; முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றி வரலாம் என்றால் அங்கே மண் சரிந்து இரண்டு நாளாக லாரிகள் நிற்கின்றன.

அக்கா போனைக் கீழே வைத்தாள். காதில் மாட்டியிருந்த ஒரு ஜிமிக்கியைக் கழற்றினாள்.

"நான் அப்பவே சொன்னேன். இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்? வேண்டாம்னு மரமே குறுக்கால படுத்துருச்சு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருபது வருடத்துக்கு முன்னால் அவள் எனக்காக வேண்டாம் என்றபோது எனக்கு வாய் இல்லை. இப்போது இருந்தது.

"அக்கா, மரம் விழுந்தது காத்துல. நீ அந்தக் காதுலயும் ஜிமிக்கிய மாட்டு. நான் போயி மாமாவக் கூட்டிட்டு வரேன்."

பிள்ளைகளைப் பிரபுவிடம் விட்டேன். பட்டுச்சேலைக்கு மேல் லீட்ஸ் மழைக்கோட்டு, காலில் யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்பு. ஆறு இருபதுக்கு வண்டி கிளம்பியது.

ஊட்டி இருபது கிலோமீட்டர், அங்கிருந்து தலைகுந்தா எட்டு. தொட்டபெட்டா பிரிவைத் தாண்டியதும் தூறல் மழையானது. மழை என்றால் கண்ணாடியில் வைப்பர் இருப்பதே தெரியாத மழை.

"ஏனுங்க, உங்க ஊர்ல இப்பிடிப் பேயுங்களா?" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

"இல்லீங்கண்ணா. அங்க நாள் பூராவும் பேயும், நனைஞ்சதே தெரியாது."

"அது என்னுங்க மழை!" என்று சலித்துக்கொண்டார்.

காலை 7.35. தலைகுந்தாவிலிருந்து கல்லட்டிக்குள் இறங்கி, நாலைந்து வளைவு தாண்டியதும் மரம் தெரிந்தது. ஆள் உயரத்துக்குத் தடித்த, யூகலிப்டஸ் எனும் கற்பூர மரம், வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. அரைபட்ட இலை வாசனை நெஞ்சு வரை ஏறியது. மழைக்கோட்டு போட்ட நாலு பேர் ரம்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். முழங்கால் வரை சேறு.

"சுகந்திங்களா?" என்று கத்தினார்.

"ஆமாங்க மாமா! மரத்தத் தாண்டி வாங்க, இந்தப் பக்கம் வண்டி இருக்குது!"

"நான் தாண்டிருவேனுங்க. எங்க அக்காவ எப்பிடித் தாண்ட வெக்கறதுன்னுதான் பாக்கறேன்!"

அவருடைய அக்கா ருக்மணிக்கு அறுபது வயது, நல்ல உடம்பு. தாலி அவர் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் இருந்தது. "தாலியக் குடுத்துட்டு நீங்க இங்கயே இருங்க" என்று அவர் வீட்டுக்காரர் சொன்னதுக்கு ருக்மணி அக்கா பார்த்த பார்வையில் மழையே ஒரு நொடி நின்றிருக்கும். "என்ற தம்பி கல்யாணத்த நான் பாக்காம வேற எவ பாப்பா?"

ரம்பம் போட்டவர்கள் ஒரு பெரிய கிளையை அறுத்துத் தள்ளி, தண்டின் மேல் கால் வைக்கப் பள்ளம் கொத்திக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் இரண்டு நண்பர்களும் தூக்க, இந்தப் பக்கம் நானும் பழனிச்சாமி அண்ணனும் கை நீட்ட, ருக்மணி அக்கா தண்டின் உச்சியில் குதிரையில் ஏறியவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தெரியுது" என்றார். ரம்பக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அவர் சறுக்கி என் மேல் விழுந்தார். என் பட்டுச்சேலையும் சேறானது. அவரைத் தொடர்ந்து பூத்தட்டு, வாழைத்தார், அவர் வீட்டுக்காரர், நண்பர்கள், கடைசியாக மாப்பிள்ளை என்று எல்லாம் வந்து சேர்ந்தன. ஜீப்பை ரம்பக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

வண்டியில் ஏறியதும் மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. "மகேசு வேண்டாம்னு சொல்லிருச்சுங்களா?"

"சொன்னா" என்றேன். "நான் கேக்கல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை 9.25. ஊட்டி சேரிங் கிராசில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம் நின்றதில் எனக்கு உயிரே போய்வந்தது. கட்டபெட்டு வந்து வீட்டுக்குள் ஓடினேன். அக்கா முழு அலங்காரத்தில், இரண்டு காதிலும் ஜிமிக்கியோடு தரையில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"நடந்துட்டான் புள்ள!"

பிரபு போனில் எடுத்த வீடியோவை நீட்டினார். நான் போனதும் அக்கா மூலையில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். கட்டில் காலைப் பிடித்து நின்ற ஆதவன், பட்டுச்சேலை மினுக்கத்தைப் பார்த்தானோ என்னவோ, கையை விட்டிருக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது அடியில் பெரியம்மா மடியில் விழுந்தான். பின்னால் யாழினியின் குரல்: "அவன் நடக்கிறான்! அவன் நடக்கிறான்!"

பெற்றவள் நான் அதைப் பார்க்கவில்லை. வருத்தம் வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அந்த ஐந்தடிக்கு என் அக்காவைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

காலை 9.50. சேறு காயாத வேட்டியோடு ரங்கராஜ் மாமா தாலி கட்டினார். மூன்றாம் முடிச்சை ருக்மணி அக்கா போட்டார். யாழினி அட்சதையை வீசாமல் மாப்பிள்ளை தலையில் மொத்தமாகக் கொட்டினாள். சாப்பாடு எழுபது பேருக்கு. பாயசம் இரண்டு தரம் கேட்டவர்களில் பழனிச்சாமி அண்ணனும் உண்டு.

பன்னிரண்டு நாள் கழித்து, பள்ளி திறப்பதற்காகத் திரும்பினோம். இங்கே லீட்ஸில் செப்டம்பர். தினமும் தூறுகிறது. ஆதவன் சமையலறையில் இடித்துக்கொள்ளாத இடமில்லை. யாழினி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தானாகவே பள்ளிக்குத் தயாராகிறாள். முன்பெல்லாம் இந்த மழை என்னை வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதாக நினைப்பேன். இப்போது நனைந்தபடியே கடைக்கு நடக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அக்காவைக் கூப்பிட்டேன். நான் நர்சிங் விடுதிக்குப் போன நாளிலிருந்து வாராவாரம் பேசுகிறோம். அக்கா சொல்வது எப்போதும் இதுதான்: நான் சாப்பிட்டேன், நான் வேலைக்குப் போனேன், நான் படுக்கப் போறேன். மசினகுடி வீட்டிலிருந்து அவசரமாக எடுத்தாள்.

"அப்புறமா பேசறேன் கண்ணு. நாங்க டவுனுக்குக் கெளம்பீட்டோம்."

போன் வைத்த பிறகும் அந்த 'நாங்க'வைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.