பீருக்குப் போட்ட சாம்பிராணி

பிள்ளைகளா,

போன வாரம் போனில் நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறி, "அப்பா, பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டீர்கள். கட்டியாச்சு என்றேன். உண்மையில் அந்த அட்டைப்பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். ஏன் என்று போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது துபாய் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு குடோன். பீரும் ஒயினும் கப்பலில் வந்து இறங்கி ஹோட்டல்களுக்குப் போகும். குளிர் அறை என் பொறுப்பு. ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை, அது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் பகுதிக்குச் சரக்கு குறைந்துவிட்டது. புதுச் சரக்கு அமையாவிட்டால் பகுதியையே மூடி எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. நான் வரப்போகிறேன் என்று நீங்கள் குதித்தீர்கள். பெரியவள் காலேஜ் சேருகிற வருஷத்தில் வேலையில்லாமல் வந்து நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் புதுச் சரக்கு பிரேசில் பீர். கம்பெனிக்காக ருசி பார்க்கும் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரேசிலில் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊரிலேயே காய்ச்சுகிற பீரைக் குடித்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு வந்திருந்தார். அதில் தேறிய ஆறு வகை சாம்பிளாக வந்திருந்தது. கடல் தாண்டியும் அதே ருசி நிற்கிறதா என்று இங்கே குடித்துப் பார்ப்பார். நின்றால் ஆர்டர். இல்லையென்றால் கலாஸ், அவ்வளவுதான்.

அவர் வருவது வெள்ளிக்கிழமை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ராமநாதபுரத்துத் தம்பி காலையிலேயே ஒரு கப் சாம்பிராணியோடு வந்து நின்றான்.

"அண்ணே, புதுச் சரக்கு. சும்மா விடலாமா? ஒரு தூபம் காட்டிருவோம்."

"பீருக்காடா?"

"பீருக்கு யாருண்ணே காட்டுனா? நம்ம விசாவுக்கு."

குடோனுக்குள் புகை போட்டால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ருசி பார்க்கிற சின்ன அறையில் அந்த மணி கிடையாது. அங்கே பாட்டில்களைச் சுற்றித் தூபம் காட்டினோம். ஃப்ரிட்ஜ் கதவில் குங்குமம் வைத்தேன். ஆறும் பாஸாகணும் என்று வாய்விட்டுக் கும்பிட்டதும் நான்தான். வீட்டில் செய்வதுபோல, புகை நன்றாகப் படியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டோம். துடைத்துக் கவிழ்க்காமல் வைத்த கண்ணாடி டம்ளர்களும் உள்ளேதான் இருந்தன.

அவர் வந்தபோது கண்ணுக்குத் தெரிகிற புகை அடங்கியிருந்தது. இந்த ஊரில் ஆபீஸ், கடை, லிஃப்ட் எல்லா இடத்திலும் பகூர் என்கிற அரபிச் சாம்பிராணி மணக்கும். அறையின் வாசனையை அவர் கண்டுகொள்ளவில்லை. நான் ஊற்றிக் கொடுத்தேன். முதல் மடக்கிலேயே முகம் சுருங்கியது.

"அங்கே எட்டு. இங்கே நாலு," என்றார் இங்கிலீஷில். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "புகை வாடை. எல்லாவற்றிலும். கப்பலில் கெட்டுவிட்டது," என்று பேனாவை மூடினார்.

என் கையிலிருந்த பாட்டில் மூடி கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கும்போது வாசலில் நின்ற தம்பி முணுமுணுத்தான். "அண்ணே, வாயத் தொறக்காதீங்க. நம்ம வேலைன்னு தெரிஞ்சா இன்னைக்கே டிக்கெட்டு."

சொன்னால் நாங்கள் போவோம், சொல்லாவிட்டால் சரக்கு போகும், அதோடு நாங்களும் போவோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டினேன்.

"சார், ஸ்மோக் நோ பாட்டில். ஸ்மோக் ரூம். மீ."

அவர் என்னைப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். காலி டம்ளர் ஒன்றை எடுத்து அதற்குள் மூக்கை விட்டார்.

"ஏன்?"

"பூஜா, சார். பீர் பாஸ்."

அவர் சிரிக்கவில்லை. டம்ளர்களை வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, லாரி வந்து நிற்கிற சாய்தளத்துப் பக்கம் வெளியே போய் உட்கார்ந்தார். அந்த வெயிலில் பீர் வைத்த உடனே சூடாகிவிடும். குளிர் அறையில் மிச்சமிருந்த சாம்பிளை ஒவ்வொரு பாட்டிலாக நான் ஓட்டமாக எடுத்து வர, தம்பி பின்னாலிருந்து "யல்லாண்ணே, யல்லா" என்று விரட்டினான். அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு மடக்குக்கும் நடுவே ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நாலு தேறியது. இரண்டு நிஜமாகவே கெட்டிருந்தது. எழுந்து போகும்போது, "அடுத்த முறை உன் சாமியை வெளியே நிறுத்து," என்றார்.

மத்தியானம் மேனேஜர் வந்து, நாலு வகைக்கும் ஆர்டர் போகிறது, எங்கள் பகுதி இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றார். அதற்கப்புறம் என்ன என்று கேட்டேன். கையை மேலே காட்டினார்.

"பாத்தீங்களாண்ணே, நாலு பாஸு," என்றான் தம்பி. "சாம்பிராணி வேலை செஞ்சிருச்சு."

"பேசாம போடா."

சாயங்காலம் கேம்ப் அறையில் யாரும் இல்லை. கட்டிலோரம் பெட்டி நின்றது. நைலான் கயிறு போட்டு இறுக்கியிருந்தேன், மேலே நம் ஊர்ப் பெயர். நீங்கள் இதைப் படித்தால் முகம் வாடும் என்று தெரியும். கயிற்றை ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினேன். உங்களுக்கு வாங்கிய துணிகளைத் தொடவில்லை. ஓரமாகக் கையை விட்டு, அடியிலிருந்த என் சாப்பாட்டுத் தட்டை உருவி எடுத்தேன். கழுவிக் கட்டிலுக்கடியில் கவிழ்த்து வைத்தேன்.