நாலு மணி நேரச் சட்டம்

நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு நான் செய்த அநியாயம் இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கா இத்தனை அழுகை என்பார்கள்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்து பழக்கமான நாலு பேரைச் சேர்த்து, ஐந்து பேராகப் போனில் கதை எழுத ஆரம்பித்தோம். ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போகிற ஒரு பஸ் வழி தவறிவிடுகிறது. அதில் நாங்கள் ஆளுக்கொரு பயணி. அவரவர் பயணி பேசுவதையும் செய்வதையும் அவரவர்தான் எழுத வேண்டும். அடுத்தவர் ஆளைத் தொடக் கூடாது.

முதல் தலைவலி பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர். கரண்ட் போனால் அவர் கை சும்மா இருக்காது. ஒரே மூச்சில் ஏழெட்டு மெசேஜ் போட்டு பஸ்ஸைப் பாதி ஆந்திராவைத் தாண்டி ஓட்டிவிடுவார். மணவூரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறவர் எகிறினார்: "அவரே எழுதிக்கினு இருந்தா நாங்க இன்னாத்துக்குங்க?" டீச்சர் ஒருவர் இருந்தார், அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் நான் சட்டம் போட்டேன். வரிசைப்படிதான் எழுத வேண்டும், ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம், அதற்குள் எழுதாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெரிய நீதிபதி மாதிரி பூரித்துப்போனேன்.

நாலாவது ஆள் கே.ஜி.கண்டிகைப் பெண். அவள் வீட்டில் ஒரே போன்தான். அது ஆட்டோ ஓட்டும் கணவரோடு ஊர் சுற்றும். அவர் மத்தியானம் வந்து சாப்பிட்டுக் கண்ணயரும் அரை மணி நேரம் மட்டும் அவள் கைக்கு வரும். எழுதி முடித்ததும் குரூப்பை மறைத்துவைத்துவிடுவாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. இத்தனையும் எனக்குத் தெரியும். கைக்குழந்தையோடு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியாக அவள் எழுதினாள். எங்களில் நன்றாக எழுதியவளும் அவள்தான். நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான்.

சட்டம் வந்தபின் அவள் முறை ஒரு தடவை விட்டுப்போனது. இன்னொரு தடவையும் போனது. மூன்றாவது தடவை அவள் முறை வந்த அன்று ஆடிக் கிருத்திகை. மலைக்குக் காவடிக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும்போது எந்த ஆட்டோக்காரர் சோற்றுக்கு வீட்டுக்குப் போவார்? என் கடை வாசலிலேயே ஆட்டோக்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டேதான் கடிகாரத்தையும் பார்த்தேன். நாலு மணி நேரம் முடிந்ததும், கதை இவளால் நிற்கிறதே என்ற எரிச்சலில், அவளுடைய பயணியைக் குழந்தையோடு ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிட்டு எழுதினேன். அடுத்தவர் ஆளைத் தொடக் கூடாது என்றவளும் நான்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "நான் எறங்கலியே அக்கா. பின்னாடி சீட்டுலயே தான குந்திகினு கீறேன்."

உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவள் பார்க்கவில்லை. போன் மறுபடி ஆட்டோவில் ஏறியிருக்கும். மூளை இருந்திருந்தால் அடுத்த மத்தியானம் வரை பொறுத்திருப்பேன். பொறுக்க முடியவில்லை, கூப்பிட்டேன். "யாருங்க?" என்றது ஆண் குரல். வைத்துவிட்டேன். ஒருவேளை இப்போது அவள் எடுப்பாளோ என்று திரும்பவும் கூப்பிட்டேன், திரும்பவும் அவரே எடுத்தார். இப்படி நாலு தடவை, ஒரு வார்த்தை பேசாமல். சாயங்காலம் குரூப்பில் பார்த்தால் அவள் வெளியேறியிருந்தாள்.

விடிந்ததும் கடையைத் திறக்காமல் கண்டிகைக்குப் பஸ் ஏறினேன். வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன், நீ எழுதும் வரை எத்தனை நாளானாலும் காத்திருப்போம், வந்துவிடு என்று கெஞ்சினேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

"கோவம்லாம் இல்லக்கா," என்றாள். "பேசாம பேசாம வெச்சீங்களா, யாரோ ஆம்பளன்னு நெனச்சிட்டாரு. போனை நோண்டி மொத்தத்தையும் படிச்சிட்டாரு. இனிமே போனு என் கைக்கு வராது."

"நான் வேணா அவர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா?"

"வாணாங்க்கா. நீங்க எதுவும் பேசாதீங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து களையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "மூணு வாட்டி என் முறை போச்சே, அது யாருக்குக்கா போச்சு? வரிசையில எனக்கு அடுத்தது யாரு?"

"நான்தான்," என்றேன்.